வீடு புகுந்தவனைத் தாக்கி அவன் இறந்துவிட்டால், தற்காப்புரிமை எதுவரை துணை நிற்கும்?

திண்ணைவாசி (கேள்வி)

வீடு புகுந்து திருடிய செய்தி எது வந்தாலும் கீழே இரண்டு விதமான கருத்துகள் வந்துவிடுகின்றன. "உள்ளே வந்தவனை வெட்டிப் போட்டாலும் கேஸ் நிற்காது" என்பது ஒன்று. "திருடன் மேல் கை வைத்தால் நமக்குத்தான் ஜெயில், பேசாமல் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நாட்டின் சட்டமாக இருக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு விளக்கினால் பலருக்கும் உதவும்.

இரவு 2 மணிக்குப் பின்கதவை நெம்பித் திறந்து ஒருவன் உள்ளே வருகிறான். கையில் ஆயுதம் இருக்கிறதா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் கட்டையால் அடிக்கிறார், அவன் இறந்துவிடுகிறான். இது கொலையா? அதே ஆள் நகையோடு சுவர் ஏறிக் குதித்து ஓடும்போது துரத்திப்போய் அடித்திருந்தால்? இதெல்லாம் பகலில் நடந்திருந்தால்? ஆள் இல்லாத நேரத்துக்குச் சுவரின் மேல் மின்கம்பி இழுத்து வைக்கலாமா?

சட்டம் விட்டாலும் விடாவிட்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சில பவுன் நகைக்காக ஓர் உயிரை எடுப்பது நியாயந்தானா?

கருப்புக்கோட்டு

நீங்கள் சொன்ன இரண்டு கருத்துமே தவறு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புரிமைப் பிரிவுகள் புதியதில் 34 முதல் 44 வரை வருகின்றன. சாரம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன.

முதலில் 37ஆம் பிரிவைப் படியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. பின்னால் வரும் எல்லாப் பிரிவுகளுக்கும் இந்த இரண்டும் கடிவாளம். இதை விட்டுவிட்டு 38ஐயும் 41ஐயும் மட்டும் பகிர்வதால்தான் "வெட்டிப் போடலாம்" என்ற பேச்சு வருகிறது.

உடலைக் காக்கும் உரிமை எப்போது எதிராளியின் உயிர் வரை போகலாம் என்பதை 38 சொல்கிறது. உயிர் போகும் என்ற அச்சம், கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், வன்புணர்வு, கடத்தல், 2013இல் சேர்க்கப்பட்ட அமில வீச்சு ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை. தன் உடல் மட்டுமல்ல, மனைவி, பிள்ளை, வேலைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என யாருடைய உடலைக் காக்கவும் இந்த உரிமை உண்டு.

சொத்தைக் காக்கும் உரிமை உயிர் வரை போவது 41இல் உள்ள நான்கு சூழ்நிலைகளில்தான். கொள்ளை; சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல்; குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ அல்லது வெடிபொருளால் நாசம் செய்தல்; உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் விதத்தில் நடக்கும் திருட்டு, நாசவேலை, வீட்டு அத்துமீறல்.

உங்கள் முதல் சூழ்நிலை இரண்டாவதில் நேராகப் பொருந்துகிறது. ஆனால் "உடைத்து நுழைதல்" என்பதற்கு 330ஆம் பிரிவில் குறிப்பான பொருள் இருக்கிறது. சுவர் ஏறி வருவது, ஆள் நுழைவதற்கென்று இல்லாத வழியில் வருவது, பூட்டைத் திறப்பது, தாழிட்ட கதவின் தாழை நீக்குவது, யாரையாவது தாக்கி அல்லது மிரட்டி நுழைவது போன்ற ஆறு வழிகள். திறந்து கிடந்த வாசல் வழியே சாதாரணமாக உள்ளே வந்தவன் வீட்டு அத்துமீறல் செய்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் விஷயத்தில் நான்காவது சூழ்நிலை இருந்ததா, அதாவது உயிருக்கு அஞ்சக் காரணம் இருந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பின்கதவு தாழிட்டிருந்ததா என்று விசாரணை அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

பகலில் ஆயுதமில்லாமல் வெறும் திருட்டு என்றால் 42ஆம் பிரிவு. தடுக்கலாம், பிடிக்கலாம், அதற்குத் தேவையான அளவு அடிக்கலாம். உயிரை எடுக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தப் பகல் திருடன் கத்தியைக் காட்டிய கணமே திருட்டு கொள்ளையாகிவிடும், 41இன் முதல் சூழ்நிலை வந்துவிடும். கழுத்தை நெரித்துச் சங்கிலியைப் பறிப்பதும் அப்படியே.

இப்போது ஓடும் திருடன். 43ஆம் பிரிவு உரிமை எப்போது முடிகிறது என்று சொல்கிறது. இரவில் உடைத்து நுழைந்தவன் விஷயத்தில், அந்த அத்துமீறல் தொடரும் வரைதான் அந்த உரிமை. அவன் சுவருக்கு வெளியே போனதும் 41 தந்த உயிர் வரையிலான உரிமை முடிந்தது. பையில் நகை இருப்பதால் திருட்டுக்கு எதிரான உரிமை மட்டும் மிச்சம் இருக்கும்: அவன் தப்பி மறையும் வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும் வரை, அல்லது போலீஸ் உதவி வரும் வரை. அதை வைத்துத் துரத்தலாம், மடக்கலாம், பையைப் பிடுங்கலாம். தெருவில் முதுகில் அரிவாளை இறக்கினால் 41 காப்பாற்றாது. அவன் திரும்பி நின்று கத்தியை ஓங்கினால் மட்டும் 38 புதிதாகத் தொடங்கும்.

உரிமை இருந்து, அளவு மட்டும் மீறிவிட்டால் நேராகக் கொலைக் குற்றம் ஆகாது. 101ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு இதற்காகவே இருக்கிறது: நல்லெண்ணத்தோடு, முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமில்லாமல் எல்லை மீறியிருந்தால் அது கொலையாகாத மரணம். அதற்கும் 105இன் கீழ் ஆயுள் வரை, அல்லது 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை வரலாம். எனவே "கொலை கேஸ் இல்லை" என்பதை "தண்டனை இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தடயம்

மேலே சொன்னது சட்டம். அது ஒரு வழக்கில் எப்படி எடைபோடப்படுகிறது என்பதைச் சேர்க்கிறேன்.

தற்காப்புக்காகச் செய்தேன் என்று காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். பாரதிய சாக்ஷிய அதிநியம் 108, பழைய சாட்சியச் சட்டத்தின் 105. ஆனால் அரசுத் தரப்பைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்று காட்டினால் போதும். 1979இன் சலீம் ஜியா வழக்கில் இது தெளிவாகச் சொல்லப்பட்டது. தற்காப்பு என்று வாயால் சொல்லாவிட்டாலும், அரசுத் தரப்புச் சாட்சியத்திலிருந்தே அது தெரிந்தால் நீதிமன்றம் அதை ஏற்கலாம். இது 1968இன் முன்ஷி ராம் வழக்கு. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்துக் கோட்பாடுகளைத் தொகுத்தது. தாக்கப்படுபவர் ஒவ்வோர் அடியையும் அளந்து அளந்து திருப்பித் தர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும், நியாயமான அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்கி அச்சம் நீங்கும்போது நீங்குகிறது என்பதும் அவற்றில் உண்டு.

ஆகவே வழக்கு முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடும்: அச்சம் எந்த நொடியில் முடிந்தது? அதற்குப் பின் எத்தனை அடி விழுந்தது?

இதற்கான பதில் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். தலையின் முன்பக்கம் ஒரு காயம், தோளில் ஒன்று என்றால் எதிரெதிரே நின்று நடந்த மோதலோடு அது ஒத்துப்போகும். பின்மண்டையில் மூன்று, முதுகில் நான்கு என்றால் விழுந்த பிறகு அடித்ததா என்ற கேள்வி வரும். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருந்தால் நிலைமை மிக மோசம். கட்டிப்போடப்பட்டவனிடமிருந்து யாருக்கும் ஆபத்து இல்லை. பிடிபட்ட ஆளைக் கம்பத்தில் கட்டி ஊரே அடிக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. அதில் ஒருவர் இறந்தால் கை வைத்த எல்லோருமே கொலை வழக்கில் நிற்க நேரிடும். முதலில் கதவை உடைத்தவன் அவன்தான் என்பது அங்கே எந்த வகையிலும் உதவாது. தயவுசெய்து இதை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள். தற்காப்பு என்று தொடங்கிக் கொலையாக முடிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிடித்தவனை என்ன செய்வது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, கண்ணெதிரே பிணையில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தவனைப் பொதுமக்களே பிடிக்கலாம். தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்துவது போதும்.

இன்னொன்று, உங்கள் உடலில் உள்ள காயம். கைகலப்பில் வீட்டுக்காரருக்கும் அடிபட்டிருக்கும், பதற்றத்தில் அதைக் கவனிக்கமாட்டார். அன்றிரவே அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் மேல் இருக்கும் காயத்தை அரசுத் தரப்பு விளக்காவிட்டால் அது அவர்கள் கதையையே பலவீனப்படுத்தலாம் என்று 1976இன் லட்சுமி சிங் வழக்கு சொல்கிறது. பதிவே இல்லாத காயத்தை வைத்து யாரும் வாதாட முடியாது.

வேலியோரம்

மின்கம்பிக் கேள்விக்கு மட்டும் பதில். கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

இதற்குப் பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது: செருபின் கிரிகரி எதிர் பீகார் மாநிலம், 1963. அக்கம்பக்கத்தார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் அதன் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டிவைத்தார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. தன் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோனதால் அங்கே வந்த ஒரு பெண், திரும்பும்போது கை பட்டு இறந்துபோனார். சொத்தைக் காக்கும் உரிமை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி வந்தவர் என்பதால் ஒருவர் சட்டப் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை, அவருக்குக் காயம் செய்யும் பொறியை வைக்க இடத்துக்காரருக்கு உரிமை இல்லை என்றது. அன்று பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் (கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்) தண்டனை. இன்று அதே குற்றம் 106இன் கீழ் வரும், உச்ச தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகியிருக்கிறது. தொட்டால் சாவார்கள் என்று தெரிந்தே வைத்தது நிரூபணமானால் 105க்குப் போகவும் வாய்ப்பு உண்டு.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றப் பொறிகளுக்கும் விடை கிடைக்கும். தற்காப்புரிமை என்பது கண்முன் இருக்கும் ஆபத்தைப் பார்த்து, அதன் அளவை எடைபோட்டு, ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. கம்பிக்கு அந்தக் கண் இல்லை. பந்தை எடுக்க ஏறிய சிறுவன், மீட்டர் பார்க்க வந்தவர், தீப்பிடித்த வீட்டுக்குள் குதிக்கும் தீயணைப்பு வீரர், கொள்ளைக்காரன் எல்லோரும் அதற்கு ஒன்றுதான். வயலோரம் பன்றிக்காக இழுத்த திருட்டுக் கம்பியில் உழவர்களும் யானைகளும் சாவதை எத்தனை முறை செய்தியில் பார்க்கிறோம்!

சுவரின் மேல் பதித்த கண்ணாடிச் சில்லும் கூர்முனைக் கம்பியும் வேறு வகை. பார்த்தாலே தெரியும், ஏறாதே என்று சொல்லும், உயிரை எடுக்க வைத்தவை அல்ல. மறைத்துவைத்து உயிரை எடுப்பதற்கும் வெளிப்படையாகத் தடுப்பதற்கும் இடையில்தான் கோடு.

நடுநிசி

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மற்றவர்கள் அதைத் தொடவில்லை.

சில பவுனுக்காக ஓர் உயிரை எடுப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இரவு 2 மணிக்குக் கதவு நெம்பப்படும் சத்தம் கேட்கும்போது வீட்டுக்காரர் முன்னால் இருப்பது பவுன் பற்றிய கேள்வி அல்ல. வந்தவன் எதற்கு வந்தான், எத்தனை பேர், கையில் என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது. இந்த இருட்டைப் பழங்காலத்திலேயே சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம் இரவுத் திருடனைக் கொல்ல அனுமதித்தது. பகல் திருடன் ஆயுதத்தால் எதிர்த்தால்தான் அனுமதி. நம் 41ஆம் பிரிவில் சூரியன் மறைவதும் உதிப்பதும் வருவதற்கும் அதே நியாயம்தான் அடிப்படை என்று கருதுகிறேன். இருட்டில் எதிராளியின் நோக்கத்தை அறிய வழியில்லை, உதவியும் பக்கத்தில் இல்லை. அந்த அறியாமையை உண்டாக்கியவன் கதவை உடைத்தவன். அதன் விளைவில் பெரும்பங்கை அவன் சுமக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அப்படியானால் அந்த நியாயம் அறியாமை இருக்கும் வரைதான் நிற்கும். விளக்கைப் போட்டதும் வெறுங்கையோடு ஒரு பதினாறு வயதுப் பையன் நடுங்கிக்கொண்டு நின்றால், மணி இரண்டுதான், கதவு உடைந்துதான் கிடக்கிறது, 41இன் சொற்கள் பொருந்தலாம். ஆனால் அச்சத்துக்கான காரணம் போய்விட்டது. அங்கே ஓங்கிய கட்டையை இறக்குவது தவறு. 37ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது என்று படிக்கிறேன்.

இன்னும் கடினமான இடம் ஒன்று உண்டு. 36ஆம் பிரிவின்படி, தாக்குபவர் மனநிலை பாதிக்கப்பட்டவராகவோ, அறியாச் சிறுவராகவோ, போதையில் இருப்பவராகவோ இருந்து, அதனால் அவர் செய்வது குற்றமாகாது என்றாலும், அவருக்கு எதிரான தற்காப்புரிமை முழுதாக உண்டு. சட்டத்துக்கு அது தேவைதான். வெட்ட வரும் அரிவாளுக்குப் பின்னால் எந்த மனநிலை இருந்தாலும் அது வெட்டும். ஆனால் குடிபோதையில் வீடு மாறி வந்த பக்கத்துத் தெருக்காரரையும், நினைவு தப்பிய முதியவரையும் திருடனுக்குச் சமமாக வைக்க மனம் ஒப்பாது. அவர்கள் ஆபத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்ல. அங்கே பின்வாங்க வழி இருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும், பின்வாங்குவதே கடமை என்பேன்.

யார் என்று பார்க்காமல் அடிப்பதால் தாமதமாக வீடு திரும்பிய மகனையே அடிக்க நேரலாம். உண்மை தெரியாமல் நடந்த தவறு என்று 17ஆம் பிரிவில் வாதாட, உரிய கவனத்தோடு நம்பியதாகக் காட்ட வேண்டும். விளக்கையும் போடாமல் குரலும் கொடுக்காமல் அடித்தவர் எந்தக் கவனத்தைக் காட்டுவார்? "யார் அது?" என்று ஒரு குரல் கொடுப்பதும் சுவிட்சைத் தட்டுவதும் இரண்டு நொடி வேலை. வந்தவன் திருடனாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடுவான்.

2019 ஆகஸ்டில் நெல்லைப் பக்கம் கடையத்தில் நடந்தது நினைவிருக்கும். இரண்டு கொள்ளையர்கள் அரிவாளோடு வீட்டுக்கு வந்து ஒரு முதியவரின் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்கினார்கள். அவரும் மனைவியும் கையில் கிடைத்த செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வீசி இருவரையும் விரட்டினார்கள். முதலமைச்சர் விருதும் கொடுத்தார். அந்த நிமிடத்தில் 38, 41 இரண்டுமே அவர்கள் பக்கம் இருந்தன. 37இன் எல்லையைத் தாண்டாத வரை அவர்கள் எதைச் செய்திருந்தாலும் சட்டம் துணை நின்றிருக்கும். ஓடியவர்களை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

திண்ணைவாசி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு தெளிவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம் மட்டும். ஆள் விழுந்துவிட்டான், மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை, அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? வெளியே விழுந்திருந்தால் உள்ளே இழுத்துப் போட்டுவிடு என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

கருப்புக்கோட்டு

இரண்டாவதற்கு முதலில். அதைச் செய்யவே கூடாது. அது வேறு நாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்த பேச்சு. தரையில் இழுத்த தடமும் ரத்தச் சொட்டுகளின் திசையும் உண்மையைச் சொல்லிவிடும். அதோடு தடயத்தை அழித்ததாக 238ஆம் பிரிவில் தனிக் குற்றம் சேரும். அதைவிடப் பெரிய நஷ்டம், உண்மையான தற்காப்பையும் நீதிமன்றம் நம்பாமல் போவது. அவன் கையில் கத்தியைச் செருகிவைப்பதும் இப்படித்தான் முடியும்.

அந்தப் பத்து நிமிடம்: முதலில் அவனிடமிருந்து விலகி, வீட்டில் உள்ளவர்களை ஓர் அறைக்குள் அனுப்புங்கள். அவனோடு வேறு யாரும் வந்திருக்கலாம். 112ஐ அழைத்து, வீடு உடைத்து ஆள் வந்தான், மோதலில் அடிபட்டுக் கிடக்கிறான், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று சொல்லுங்கள். 108க்கும் அழையுங்கள். மூச்சு இருந்தால், ஆபத்து இல்லையென்றால், ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். அவன் உயிரைக் காப்பாற்றுவது உங்கள் கடமை. கொல்லும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்றும் இல்லை. அந்த அழைப்புகளின் நேரம் பதிவாகும். ஒரு மணி நேரம் கழித்து அழைத்தவரிடம், இடையில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

உடைந்த தாழ்ப்பாள், கடப்பாரை, கட்டை, ரத்தம் படிந்த உங்கள் சட்டை, எதையும் கழுவவோ நகர்த்தவோ வேண்டாம். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் அந்த அறைக்குள் வராமல் ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

போலீஸ் வந்ததும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: எப்படி நுழைந்தான், என்ன செய்ய வந்தான், எதைக் கண்டு அஞ்சினீர்கள். எத்தனை அடி, எந்தக் கையால் என்ற விவரங்களை வழக்கறிஞரோடு பேசியபின் சொல்லலாம். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க சுரக்ஷா சன்ஹிதா 38 உரிமை தருகிறது. உங்கள் மேல் வழக்குப் பதிவாகலாம், கைதும் நடக்கலாம். அதனால் தற்காப்பு தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். போதிய ஆதாரம் இல்லையென்று அதே சன்ஹிதாவின் 189இல் போலீஸே விடுவிக்கலாம். இல்லாவிட்டால் ஜாமீன், குற்றப்பத்திரிகை, விசாரணை என்று நீளும். கொலைப் பிரிவில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும்.

தடயம்

சிசிடிவி இருந்தால் ஒரு வார்த்தை. காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதையே ஆதாரம் என்று நினைக்க வேண்டாம், அது சுருங்கிப்போன நகல். காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியை அப்படியே போலீஸ் கைப்பற்றட்டும். நீதிமன்றத்தில் நகலை வைக்க சாக்ஷிய அதிநியம் 63(4)இன் கீழ் ஹேஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். வன்தட்டு நிறைந்தால் பெட்டி பழைய காட்சியின் மேலேயே புதியதைப் பதியும், அதனால் கைப்பற்றுவதைத் தள்ளிப்போட விடாதீர்கள். கைப்பற்றியதற்கான மகஜரில் பெட்டியின் வரிசை எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: டிவிஆர் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றுங்கள். மின்தடைக்குப் பின் பல பெட்டிகளில் நேரம் தவறிக் கிடக்கும். 112க்கு அழைத்த நேரமும் காட்சியின் நேரமும் 40 நிமிடம் வேறுபட்டால், அந்த 40 நிமிடத்தை விளக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.